சந்தாலியும் லாட்விய மொழியும்: ஒப்பிட ஏதாவது இருக்கிறதா?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மொழியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு இரண்டு மொழி கொடுத்து, ஒப்பிட்டு எழுதச் சொல்லிவிட்டார்கள். தோழிக்கு ஸ்பானிஷும் போர்ச்சுகீசும். அவள் எழுதி முடித்துத் தூங்கப் போய்விட்டாள். எனக்கு சந்தாலியும் லாட்வியமும்.

இதுவரை திரட்டியது: சந்தாலி, ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தில் முண்டா கிளை. ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா, அஸ்ஸாம், பிறகு வங்கதேசம், நேபாளம். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 73 லட்சம் பேர். லாட்வியம், இந்தோ-ஐரோப்பியத்தில் பால்டிக் கிளை. தாய்மொழியாகப் பேசுபவர்கள் ஏறத்தாழ 15 லட்சம். இதற்கு மேல் பேனா நகரவில்லை. எங்கே பிடிப்பது?

இலக்கணப்புலி

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. சீட்டை மறுபடி குலுக்கச் சொல்லுங்கள்.

சொல்வேட்டை

புலியார் அவசரப்படுகிறார். ஒரு வாரமாக இரண்டு அகராதிகளையும் பக்கத்தில் வைத்துப் புரட்டுகிறேன். சந்தாலியில் 'பிர்' என்றால் காடு ('பம்பரம்' என்பதில் இரண்டாவது பகரம் போல உச்சரிக்கவும்). பிர்ஹோர் என்ற பழங்குடியின் பெயரே 'காட்டு மனிதர்' என்பதுதான். லாட்வியத்தில் 'பிர்ஸ்' என்றால் தோப்பு! அடுத்தது: சந்தாலியில் 'சேதா' நாய். லாட்வியத்தில் 'சேதா' வேலி, வீட்டு முற்றம். வேலியைக் காப்பது எது? நாய். தற்செயல் என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம்.

ரீகா_முருகன்

ஐயா, நான் இங்கே லாட்வியத் தலைநகர் ரீகாவில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் தெருவில் நாயே இல்லாத வேலிகள் நிறைய இருக்கின்றன.

இலக்கணப்புலி

சரி, விளையாட்டு போதும். நெய்தல், உங்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

லாட்விய 'பிர்ஸ்' எங்கிருந்து வந்தது என்று பார்க்க அதன் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும். 'பேர்ஸ்ஸ்' என்பது அங்கே பூர்ச்ச மரம், அந்த ஊர்க் காடுகளில் வெள்ளைப் பட்டையோடு நிற்குமே அது. தோப்பு என்ற சொல்லைப் பெரும்பாலும் அதோடுதான் சேர்க்கிறார்கள். அதே மரத்துக்குச் சமஸ்கிருதத்தில் 'பூர்ஜ'. காஷ்மீரத்தில் அதன் பட்டையில்தான் ஏடு எழுதினார்கள். ஆக, 'பிர்ஸ்' என்ற சொல்லுக்கு இந்தியாவில் உறவு உண்டு. ஆனால் அந்த உறவு சந்தால் வீட்டில் இல்லை.

இன்னும் பாருங்கள். லாட்வியத்தில் நெருப்பு 'உகுன்ஸ்', நமக்குத் தெரிந்த அக்னி. புகை 'தூமி', தூமம். தேன் 'மெதுஸ்', மது. கடவுள் 'தியெவ்ஸ்', தேவன். இரவு 'நக்த்ஸ்', நக்தம். இரண்டு 'திவி', மூன்று 'த்ரீஸ்'. பால்டிக் கரையில் இருந்துகொண்டு இந்திக்கும் வங்காளிக்கும் ஒன்றுவிட்ட பங்காளி இது.

சந்தாலி அந்த வங்காளிக்குப் பக்கத்து வீடு. தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தது. ஆனாலும் எண்ணிப் பார்த்தால் 'பார், பே, போன்' என்று இரண்டு, மூன்று, நான்கு. அதே குடும்பத்தைச் சேர்ந்த கம்போடியாவின் கெமரில் 'பீ, பெய், புவோன்'. வியட்நாமியத்தில் மூன்று 'பா', நான்கு 'போன்'. கண் சந்தாலியில் 'மேத்', வியட்நாமியத்தில் 'மத்'. கை இங்கே 'தி', அங்கே 'தாய்'. மூக்கு 'மூ', 'முய்'. நான் பொறுக்கியதெல்லாம் உடம்பும் எண்ணும். கடன் வாங்குகிறவன் கடைசியாக வாங்குவது இவற்றைத்தான்.

உங்கள் கட்டுரைக்கு முதல் பத்தி இதுவாக இருக்கலாம்: ஜார்க்கண்டில், சந்தால்கள் வாழும் தும்காவில் நின்றுகொண்டு உறவுக்காரரைத் தேடினால் ஹனோய் போக வேண்டும். தும்காவில் இந்தி பேசுகிறவர் தேடினால் ரீகாவில்கூட ஒருவர் அகப்படுவார்.

சொல்வேட்டை

பிர்ஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். நாயை விடமாட்டேன்.

இலக்கணப்புலி

நாய்க்கும் வியட்நாமியத்தில் 'சோ', கெமரில் 'ச்கே'. விட்டுவிடுங்கள், கடிக்கும்.

கரக்பூர்_வாசி

அம்மா நெய்தல், நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா காலத்திலேயே கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துட்டோம். ஒர்க்‌ஷாப்பில் என் பக்கத்தில் முப்பது வருஷம் நின்னவர் ஒரு சந்தால். அதனால அகராதி தெரியாது, காது தெரியும்.

இந்த இழையில எல்லாரும் தமிழ் எழுத்தில் 'மேத்' 'பிர்'னு எழுதிட்டுப் போறீங்க. அப்படிச் சொன்னா அவங்களுக்கு விளங்காது. தண்ணிக்கு 'தாக்' என்பாங்க. ஆனா அந்தக் கடைசி 'க்' வெளியே வராது. தொண்டையை அடைச்சு, நாக்கை ஒட்டி, அப்படியே நிறுத்திடுவாங்க. குழாயைத் திருகி மூடின மாதிரி. நான் 'தாக்கு'ன்னு இழுப்பேன், நண்பர் சிரிப்பார். 'மேத்'லயும் அந்த அடைப்பு உண்டு. கண்ணுங்கிறப்ப உயிர் மூக்கால வேற வரும். மொத்தம் நாலு மெய்க்கு இந்த அடைப்பு.

இதை எழுத்தில் கொண்டுவந்ததுதான் பண்டித் ரகுநாத் முர்முவோட கெட்டிக்காரத்தனம். ஒடிசாவில் மயூர்பஞ்சுக்காரர். 1925-ல ஓல் சிக்கி எழுத்தை உண்டாக்கினார், இருபது வயசு அப்போ. முப்பது எழுத்து. ஒடியா, வங்காளி மாதிரி மெய்யோட அகரம் ஒட்டி வராது. உயிர் தனி, மெய் தனி. அந்த நாலு எழுத்தையும் சும்மா எழுதினா அடைப்பு ஒலி. 'அஹத்'னு ஒரு குறி போட்டா அடைப்பு திறந்து ஒலிக்கும். மத்த எழுத்தில் எழுதுறவங்க அடைப்புக்குத் தனியா குறி தேடணும். இவர் அடைப்பையே இயல்பாக்கி, திறப்புக்குக் குறி வச்சார்.

வடிவமும் பாருங்க. 'இஸ்' எழுத்து ஏர். 'இர்' எழுத்து அரிவாள். 'உத்' காளான். 'ஆம்'னா நீ, அந்த எழுத்து எதிரே இருக்கிறவரைக் கை காட்டுற ஆள். 'இஞ்'னா நான், தன்னையே காட்டிக்கிற ஆள். வயலில் நிக்கிறவனுக்கு மறக்குமா?

ரீகா_முருகன்

அண்ணா, தொண்டை அடைப்பு என்றதும் துள்ளி எழுந்துவிட்டேன். இங்கேயும் அது இருக்கிறது!

லாட்வியத்தில் நெடில் அசைக்கு மூன்று விதமான இசை. ஒன்று சமமாக ஓடும், ஒன்று இறங்கும், மூன்றாவது நடுவில் 'முறியும்', குரல்வளை ஒரு நொடி இறுகித் திறக்கும். என் மொழி ஆசிரியை பலகையில் எழுதிப்போட்ட உதாரணம் 'லுவோக்ஸ்'. சமமாகச் சொன்னால் வெங்காயத்தாள், இறக்கிச் சொன்னால் வில் வளைவு, முறித்துச் சொன்னால் ஜன்னல். நான் ஒரு வருடமாகக் கடையில் ஜன்னல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களும் மரியாதையாக வெங்காயத்தாள் கொடுக்கிறார்கள். எழுத்தில் இந்த மூன்று இசைக்கும் எந்தக் குறியும் கிடையாது.

நெய்தல்

ஐயோ, இது அருமை! சந்தாலியில் அடைப்பு மெய்யில், லாட்வியத்தில் உயிரில். ஒன்றின் எழுத்து அதைக் காட்டுகிறது, மற்றதன் எழுத்து மறைக்கிறது. இரண்டாம் பத்தி கிடைத்துவிட்டது.

இன்னொன்று. சந்தாலியில் நம்மைப் போலவே 'நாம்', 'நாங்கள்' பிரிவு இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்தால் 'அலாங்', விலக்கினால் 'அலே' என்று குறித்து வைத்திருக்கிறேன். லாட்வியத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'மேஸ்'.

அவிநாசி_ரோடு

ஏனுங்க, நானுங்க திருப்பூரு. பனியன் கம்பெனியில தையல் பிரிவு பாத்துக்கறேன். நம்ம லைனுல முப்பது புள்ளைங்க, பாதிக்கு மேல மயூர்பஞ்சு. அவங்களுக்குள்ள பேசறது என்ன பாஷைன்னே இத்தன நாளும் தெரியாமப் போச்சுங்க. ஒடியான்னு நெனச்சிட்டு இருந்தேன். நாளைக்கு டீ நேரத்துல "நாம டீ குடிக்கலாம்"னு அவங்க பாஷையிலயே சொல்லிப் பாக்கோணும். 'அலாங்' தானுங்களே?

நெய்தல்

ஆமாம், அலாங். சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்!

ரீகா_முருகன்

பெயருக்கு வருவோம். இங்கே ஆண் பெயரென்றால் கடைசியில் ஒரு 'ஸ்' வேண்டும், இல்லாவிட்டால் வேற்றுமை ஏற்காது. ஷேக்ஸ்பியரே இங்கே 'வில்யம்ஸ் ஷெக்ஸ்பீர்ஸ்'தான். நான் முருகன்ஸ். என்னுடைய புத்தகம் 'முருகன' புத்தகம். எனக்குக் கொடுத்தால் 'முருகனம்'. என்னைப் பார்த்தால் 'முருகனு'. கூப்பிடும்போது மட்டும் ஸ் உதிர்ந்து, சுத்தமான 'முருகன்!' அந்த ஒரு வேற்றுமையில்தான் எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

மொத்தம் ஏழு வேற்றுமை, இரண்டு பால். மேசைக்கும் பால் உண்டு, கத்திக்கும் உண்டு. மனப்பாடம்தான் வழி.

ஆனால் நமக்குச் சுலபமானவையும் இருக்கின்றன. 'எனக்கு வீடு இருக்கிறது' என்றுதான் லாட்வியனும் சொல்வான், நான்காம் வேற்றுமையில். 'மன் யாயெட்' என்றால் போக வேண்டும் என்பது. 'மன்' என்றால் 'எனக்கு'. நான் போகணும் என்றில்லை, எனக்குப் போகணும்.

வடமராட்சி

தம்பி முருகன், அதில என்ன புதினம்? நாங்கள் ஊரில 'எனக்குப் போகவேணும்' எண்டுதானே கதைக்கிறனாங்கள்.

ரீகா_முருகன்

அக்கா, அப்படியானால் இதையும் கேளுங்கள். 'அவனுக்கு உடம்பு சரியில்லையாம்' என்று நாம் ஒரு 'ஆம்' போட்டுத் தப்பித்துக்கொள்கிறோமே, இங்கேயும் அதற்குத் தனி வினை வடிவம் இருக்கிறது. 'இர்' என்றால் இருக்கிறான், நான் பொறுப்பு. 'எஸுவொத்' என்றால் இருக்கிறானாம், சொன்னது எவனோ. வார்டில் நோயாளி சொன்னதைப் பேராசிரியரிடம் ஒப்பிக்கும்போது நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான்.

கரக்பூர்_வாசி

பால் பத்தித் தம்பி சொன்னதுக்கு ஒரு வார்த்தை. சந்தாலியில் மேசைக்கும் கத்திக்கும் ஆண் பெண் கிடையாது. உயிர் உள்ளது, இல்லாதது. அவ்வளவுதான் கணக்கு. 'கோடா' பையன், 'குடி' பொண்ணு மாதிரி ஈறு மாத்தறதெல்லாம் பக்கத்து வீட்டு வாசனை. ஆனா அந்த உயிர்க் கணக்கில்தான் விசேஷம்: சூரியன், சந்திரன், நட்சத்திரம் மூணும் உயிருள்ள பக்கம்.

வினையிலேயே அது ஏறும். 'ஞெல்' பார். 'ஞெல்கெதெயாஞ்'னா நான் அவரைப் பார்த்தேன். 'ஞெல்கெத்கோவாஞ்' நான் அவங்களைப் பார்த்தேன். கல்லையோ வீட்டையோ பார்த்தா நடுவில் அந்த உறுப்பு வராது, 'ஞெல்கெதாஞ்' அவ்வளவுதான். நிலாவைப் பார்த்தா வரும். பார்த்தவன், பார்க்கப்பட்டவன், காலம் மூணும் ஒரே வினைக்குள்ள. நடுவில் ஒரு பகரத்தைச் செருகினா 'ஞெபெல்', ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறது. 'தல்' அடி, 'தபல்' ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கறது.

இலக்கணப்புலி

இந்தச் சூரிய சந்திரனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் நெய்தல். லாட்வியப் பழம்பாடல்கள், 'தைனா' என்பார்கள், பெரும்பாலும் நாலே அடி. கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் என்பவர் துண்டுச் சீட்டுகளில் எழுதி வகைப்படுத்தி, அதற்கென்றே ஒரு இழுப்பறை அலமாரி செய்து அடுக்கினார். 1894 முதல் 1915 வரை ஆறு தொகுதியாக அச்சானது. 2,17,996 பாடல். அலமாரி 2001-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பாடல்களில் சூரியன் பெண், சந்திரன் ஆண், இரண்டு பேருக்கும் கல்யாணம். சொல்லின் பாலும் அதுவே.

சந்தால் கதையிலும் இருவரும் தம்பதி. ஆனால் சூரியன் புருஷன், நிலா பெண்டாட்டி, நட்சத்திரங்கள் பிள்ளைகள். கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்?

சொல்வேட்டை

புலியார் மெச்சத் தொடங்கிவிட்டார், இழை உருப்படும். ஒரே ஒரு கேள்வி. 73 லட்சம் பெரிதா, 15 லட்சம் பெரிதா?

ரீகா_முருகன்

அதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். 15 லட்சம் பேரின் மொழியில் ஏடிஎம், மருந்துச் சீட்டு, பல்கலைக்கழகம், நீதிமன்றம். 2004 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்று. அங்கே இயற்றும் சட்டம் லாட்வியத்திலும் வந்தாக வேண்டும்.

சும்மா வந்ததில்லை. 1918-ல் நாடு, 1940-ல் சோவியத் கைக்குப் போயிற்று. 1949 மார்ச்சில் மட்டும் 42 ஆயிரம் பேரைச் சைபீரியாவுக்கு ஏற்றினார்கள். போருக்கு முன் மக்கள்தொகையில் முக்கால் பங்காக இருந்த லாட்வியர்கள் 1989-ல் 52 சதவீதம். சொந்த மண்ணில் சிறுபான்மையாக இரண்டு விரற்கடைதான் பாக்கி. 2012-ல் ரஷ்ய மொழியை இரண்டாம் அரசு மொழியாக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றதை அந்தப் பயத்தோடு சேர்த்துத்தான் பார்க்கணும். மறுபக்கமும் உண்டு. என் வார்டில் ரஷ்யன் மட்டுமே தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். அறுபது வருடமாக இங்கேயே இருந்தவர்கள். அரசுக் கடிதம் வந்தால் என்னைப் படிக்கச் சொல்கிறார்கள், என்னை!

கரக்பூர்_வாசி

73 லட்சத்துக்கு வர்றேன். அதிலேயே கர்மாலி, மாஹிலின்னு ரெண்டு கிளைப் பேச்சையும் சேர்த்துத்தான் கணக்கு. 2003-ல 92-ஆவது திருத்தத்தில் அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணைக்கு, அதாவது அங்கீகரிச்ச மொழிகள் பட்டியலுக்கு வந்தது, போடோ, டோக்ரி, மைதிலியோட. எங்க பக்கம் சில ஸ்டேஷன் பலகையில ஓல் சிக்கி ஏறியாச்சு. நாட்டின் குடியரசுத் தலைவரே மயூர்பஞ்சுச் சந்தால்.

ஆனா வங்காளத்தில் படிச்சவன் வங்காளி எழுத்தில் எழுதுவான், ஒடிசாக்காரன் ஒடியா எழுத்தில், ஜார்க்கண்டில் தேவநாகரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் படிச்சவன் ரோமன், மிச்சப் பேர் ஓல் சிக்கி. அஞ்சு எழுத்து. அண்ணன் எழுதின கடுதாசியைத் தம்பி படிக்க முடியாத வீடு எனக்கே தெரியும்.

சொல்வேட்டை

அப்படியானால் ரோமனை வைத்துக்கொண்டால் தீர்ந்ததே? நார்வே மிஷனரி போடிங் அதில்தான் ஐந்து தொகுதி அகராதி போட்டார், அடைப்பு ஒலிக்கும் குறி வைத்தார். லாட்வியமும் லத்தீன் எழுத்துதானே?

இலக்கணப்புலி

லாட்வியம் லத்தீன் எழுத்துக்குச் சுலபமாக வந்ததாக யார் சொன்னது? ஜெர்மன் பாதிரியார்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி, ஜெர்மன் முறையில், கோதிக் அச்சில் எழுதிவைத்தார்கள். 1694-ல் பைபிள் வந்ததும் அப்படித்தான். 1908-ல் மீலென்பாக்ஸ், எண்ட்ஸெலீன்ஸ் என்ற லாட்விய மொழியறிஞர்கள் இருந்த குழு உட்கார்ந்து, நெடிலுக்கு மேலே கோடு, 'ஷ' ஒலிக்கு மேலே கொக்கி என்று மாற்றியது. கிழக்கே லாட்கேல் பகுதியில் 1865 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் அச்சிடவே ஜார் அரசு தடை போட்டது. நாற்பது வருடம் கையால் நகல் எடுத்துப் படித்தார்கள்.

அதனால், வேறு எவரோ வகுத்துத் தந்த எழுத்து வசதியாக இருக்கிறதே என்று சந்தாலிடம் சொல்வதற்கு முன் யோசிக்கலாம். போடிங் அகராதி பெரிய வேலை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏரும் அரிவாளும் அதில் இல்லை.

சொல்வேட்டை

கிறிஸ்தவச் சந்தால்கள் தலைமுறைகளாக ரோமனில் வேதம் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது எவரோ தந்த எழுத்து இல்லை, பாட்டி படித்த எழுத்து. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இலக்கணப்புலி

இதற்குச் சட்டென்று பதில் இல்லை. நியாயமான அடி.

நெய்தல்

நீங்கள் இருவரும் சண்டை போடுவதை அப்படியே கட்டுரையில் வைத்துவிடப் போகிறேன்.

கரக்பூர்_வாசி

அம்மா, இப்பத்தான் மேலே உன் பதிவைச் சரியாப் படிச்சேன். 'அலாங்' நாம்னு போட்டிருக்கியே, தப்பு. சந்தாலியில் ஒருமை, இருமை, பன்மை மூணும் உண்டு. 'அலாங்'னா நீயும் நானும், ரெண்டே பேர். நானும் இன்னொருத்தரும், நீ இல்லாம, அது 'அலிஞ்'. நாம எல்லாரும்னா 'அபோ'. நாங்க எல்லாரும், நீ நீங்கலா, 'அலே'. நாம்ங்கிற ஒரு சொல்லை அவங்க ரெண்டா வெட்டி வச்சிருக்காங்க. கட்டுரையில திருத்திடு.

நெய்தல்

ஐயா, நன்றி. இருமை என்ற பத்தியையே தாண்டிப் போயிருக்கிறேன். அவிநாசி அண்ணா, இன்னும் சொல்லிவிடவில்லையே?

அவிநாசி_ரோடு

சொல்லிப்போட்டேனுங்க.

காலைல பத்தரை டீக்கு மிஷினெல்லாம் நிறுத்துனதும், லைனு முன்னால நின்னு, முதல் மிஷின்ல இருக்கற புள்ளயப் பாத்து, சத்தமா 'அலாங்'னு சொல்லி டீ கிளாஸைக் காட்டுனேன். அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கிச்சு. பின்னால ஒரே சிரிப்பு. முப்பது பேரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. சூப்பர்வைசர் வந்து என்ன ஏதுன்னு கேக்கறாரு, நானும் சிரிக்கறேன்.

இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?

கரக்பூர்_வாசி

தம்பி, நாளைக்குப் போய் 'அபோ'ன்னு சொல்லு. சரியாயிடும்.

அவிநாசி_ரோடு

மத்தியானமே போயி, வேற யாரையோ கேட்டுக்கிட்டு, அபோன்னு சொல்லிட்டனுங்க. கேக்கலையே. இப்ப லைனுல எனக்குப் பேரே அலாங்குதான்.